வெளியூரில் சிபாப் மெஷின் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவிதான் சிபாப். வீட்டில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சிபாப் மெஷின், லாட்ஜில் தங்கும் முதல் ராத்திரியிலேயே தகராறு செய்தால் அநேகமாக மெஷினில் பழுது இருக்காது. கரண்ட், தண்ணீர், மாஸ்க் முகத்தில் உட்காரும் விதம், இந்த மூன்றில் ஏதோ ஒன்று ஊர் மாறியதும் மாறியிருக்கும். எது மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலான கோளாறுகள் பத்து நிமிட வேலைதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து திருப்பதி, பழனி, சபரிமலை, பெங்களூரு என்று கிளம்புகிறவர்களையும், ஒகேனக்கல் பார்க்க இந்தப் பக்கம் வருகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். உங்களுக்கு என்ன அறிகுறியோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டாக்டர் குறித்துக்கொடுத்த அழுத்தத்தை வெளியூரில் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கீழே உள்ள எந்தக் கோளாறுக்கும் அது மருந்தில்லை.

ஸ்விட்சைப் போட்டும் மெஷினில் உயிரே இல்லை

மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் அறையின் கரண்டைப் பாருங்கள். அதே சாக்கெட்டில் செல்போன் சார்ஜரைச் செருகினால் கால் நிமிடத்தில் தெரிந்துவிடும். சாவி அட்டையைச் சுவரில் செருகினால்தான் கரண்ட் வரும் லாட்ஜ்களில், கூட இருப்பவர் அட்டையை உருவிக்கொண்டு கீழே டீ குடிக்கப் போனால் எல்லாமே நின்றுவிடும். கட்டில் தலைமாட்டு சாக்கெட்டின் ஸ்விட்ச் வாசல் பக்கம் இருப்பதும் உண்டு.

செல்போன் சார்ஜ் ஏறுகிறது, மெஷின் மட்டும் ஓடவில்லை என்றால் அடாப்டரில் உள்ள சின்ன விளக்கைப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அடாப்டர் நன்றாக இருக்கிறது. மெஷினின் பின்பக்கம் செருகும் முனைதான் பாதியில் நிற்கிறது. பயணத்தில் பை குலுங்கி அது தளர்ந்திருக்கும். கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். விளக்கே எரியவில்லை என்றால் சுவரிலிருந்து அடாப்டருக்கு வரும் பவர் கார்டைச் சந்தேகப்படுங்கள். அது கழன்று வரும் வகை என்றால், அதே வடிவ முனையுள்ள வேறொரு கார்டை லாட்ஜ் ரிசப்ஷனில் கேட்டுப் போட்டுப் பார்க்கலாம். இருபுறமும் 230 வோல்ட்தான், அதில் ஆபத்தில்லை.

ஆனால் அடாப்டரை மட்டும் இரவல் வாங்காதீர்கள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் வகைகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் 12 வோல்ட். லேப்டாப் அடாப்டர்கள் பல 19 வோல்ட். முனை பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகினால் அன்றோடு மெஷின் போச்சு.

ஏசிக்கும் கீசருக்கும் போட்டிருக்கும் பெரிய 16 ஆம்ப் பாயிண்ட்டில் நமது சின்ன பின் லூசாக நிற்கும். திரும்பிப் படுக்கும்போது ஒயர் இழுபட்டு, விட்டுவிட்டுக் கரண்ட் வரும். மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று பையில் இருந்தால் இந்தத் தொல்லை போயிற்று. நிறைய லாட்ஜ்களில் டிவிக்குப் பக்கத்தில்தான் நல்ல சாக்கெட் இருக்கும், கட்டில் எதிர்ச்சுவரில் கிடக்கும். ஸ்பைக் கார்டு (எகிறும் வோல்டேஜைத் தடுப்பது) உள்ள பாக்ஸாக வாங்குங்கள். காரணம் இதுதான்: அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால் கிராமத்து லோ வோல்டேஜ் அவற்றை ஒன்றும் செய்யாது. கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு மாறும்போதும், போன கரண்ட் திரும்பும்போதும் எகிறும் வோல்டேஜ்தான் அடாப்டரைக் கொல்லும். மண்டபத்து அறையில் படுத்தால், கரண்ட் போனதும் பிளக்கை உருவிவிட்டு, வந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துச் செருகுங்கள்.

இன்னொன்று: வெயிலில் நிறுத்திய காரிலிருந்து எடுத்த மெஷினை உடனே ஓட்டாதீர்கள். 35 டிகிரிக்கு மேல் சூடான சூழலில் ஓடுவதற்கென்று இவை செய்யப்படவில்லை. சித்திரை வெயிலில் ஒகேனக்கல் பார்க்கிங்கில் பகல் முழுக்க டிக்கியில் கிடந்த மெஷினை, அறையில் ஃபேனுக்கு அடியில் அரை மணி ஆறவிட்டுப் போடுங்கள்.

ஓடுகிறது, ஆனால் காற்றில் வலுவில்லை

முதலில் ரேம்ப் ஓடுகிறதா என்று திரையில் பாருங்கள். தூங்கும்வரை 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி அது, கோளாறில்லை.

ரேம்ப் இல்லை என்றால், பயணத்தில் அதிகம் நடப்பது இதுதான்: பாரம் குறையட்டும் என்று, காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஏர்சென்ஸ் 10 போன்ற மெஷின்களில் தொட்டி இருந்த இடம் திறந்தே கிடந்தால் காற்று அந்த வழியாகவே போய்விடும். அந்த இடத்தை மூட பக்க மூடி ஒன்று தனியாக உண்டு. அதைப் போட்டால்தான் காற்று குழாய்க்குப் போகும். மூடி கைவசம் இல்லையென்றால் தொட்டியைக் காலியாகவாவது மாட்டி, ஈரப்பத அமைப்பை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். தொட்டி மாட்டியும் காற்று குறைவு என்றால் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் மடிந்திருக்கும். கழற்றி, வளையத்தை நேராக்கி, க்ளிக் சத்தம் கேட்கும்வரை தள்ளுங்கள்.

அதிலும் தீரவில்லையா? மாஸ்க்கைக் கழற்றி, குழாயின் முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு குழாய் நெடுகக் காதை வைத்துக் கேளுங்கள். பையில் மடங்கிய இடத்தில் விரிசல் இருந்தால் உஸ்ஸென்று தெரியும். அன்றிரவுக்கு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினால் போதும். ஊர் திரும்பியதும் குழாயை மாற்றுங்கள்.

கடைசியாக ஃபில்டர். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளை ஒட்டிய சாலைகளில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினால், வெள்ளை ஃபில்டர் சில நாளிலேயே சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளை ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டும், கழுவக்கூடாது. சாம்பல் நிற ஸ்பாஞ்ச் வகையை மட்டும் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டலாம். இரண்டு ஃபில்டர் ஸ்பேராக வைத்திருங்கள்.

நடுராத்திரியில் நின்றுபோகிறது

கரண்ட் போய் மெஷின் நின்றால் முதல் வேலை மாஸ்க்கைக் கழற்றுவது. மாஸ்க்கில் காற்றுத் துளைகள் இருக்கின்றன, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க்கில் அவசர வால்வும் இருக்கிறது. ஆனாலும் காற்று வீசாதபோது விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிவரும். பக்கத்தில் படுப்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்து, மாற்றுக் கரண்ட். இதில் கணக்குத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

10 செ.மீ. அழுத்தத்தில், தொட்டிச் சூடும் குழாய்ச் சூடும் இல்லாமல் ஓடும் சிபாப் ஏறத்தாழ 6 முதல் 10 வாட்தான் இழுக்கும். சூடு இரண்டும் போட்டால் 40 வாட்டைத் தாண்டிவிடும். எட்டு மணி நேரத்துக்கு முதலாவது சுமார் 50 முதல் 80 வாட்-மணி. இரண்டாவது 320 வாட்-மணி. ஆக, பேட்டரியில் ஓட்டும் ராத்திரியில் செய்ய வேண்டிய முதல் காரியம், மெனுவில் போய் ஈரப்பதத்தையும் குழாய்ச் சூட்டையும் அணைப்பது. இதை மறந்துவிட்டு பேட்டரி மட்டம் என்று திட்டுவதில் பயனில்லை.

20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால் 20 ஆம்ப்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள்: 74 வாட்-மணி. மாற்றும்போது ஆகும் இழப்பு போக 60 சொச்சம் கைக்கு வரும். சூடில்லாமல் ஒரு ராத்திரிக்கு ஒட்டிக்கு ஒட்டி வரும். ஆனால் சாதாரண செல்போன் பவர் பேங்க் 24 வோல்ட் கொடுக்காது. உங்கள் மெஷினுக்கென்று விற்கும் பேட்டரியோ, சரியான வோல்ட் கொடுக்கும் பேட்டரியோதான் வேண்டும். வாங்கியதும் வீட்டிலேயே ஒரு முழு ராத்திரி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

லாட்ஜ் இன்வெர்ட்டரில் ஓடும்போது அடாப்டர் ங்ஙென்று இரைந்தாலோ தொட்டி மட்டும் சூடாகாவிட்டாலோ, அது ஸ்கொயர் வேவ் (கரண்ட் சீரான அலையாக வராத வகை) இன்வெர்ட்டராக இருக்கும். தொட்டிச் சூட்டை அணைத்துவிட்டு வெறும் காற்றாக ஓட்டுங்கள். அப்படியும் அடாப்டர் கையைச் சுடுகிறது என்றால் பேட்டரிக்கு மாறிவிடுங்கள். வீட்டுக்குப் புதிதாக இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள்.

காரில் படுப்பவர்களுக்கு: 45 ஆம்ப்-மணி பேட்டரி 12 வோல்ட்டில் 540 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் இழுத்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சூடில்லாத சிபாபுக்கு இது தாராளம். சூடு போட்டால் விடிகாலையில் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதுதான்.

லாரி ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லாரியில் 24 வோல்ட், மெஷினும் 24 வோல்ட், அப்புறம் என்ன என்று நேராக ஒயர் இழுத்துவிடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது அந்த லைன் 28 வோல்ட் வரை ஏறும். மெஷின் கம்பெனி விற்கும் டிசி கன்வெர்ட்டரில் 12/24 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதை லைட்டர் பாயிண்ட்டில் செருகலாம். 12 வோல்ட் மட்டும் என்று எழுதியிருப்பதை லாரியில் செருகவே கூடாது. கேபினில் மெஷினை ஆட்டமில்லாமல் தட்டையாக வையுங்கள். காற்று இழுக்கும் பக்கத்தைப் போர்வை மூடக்கூடாது.

ரயிலைப் பொறுத்தவரை எங்கள் கருத்து ஒன்றே: ரயில் சாக்கெட்டை நம்பாதீர்கள். மொரப்பூரிலோ தருமபுரியிலோ ஜோலார்பேட்டையிலோ ஏறும் ராத்திரி வண்டிகளில் சார்ஜிங் பாயிண்ட் செல்போன், லேப்டாப்புக்கென்று வைத்தது. இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை அதை அணைத்து வைப்பதும் உண்டு. அதாவது நமக்கு வேண்டிய நேரம் பார்த்து அது இருக்காது. பேட்டரியோடு லோயர் பெர்த் எடுத்து, மெஷினை ஜன்னலோரம் தலைமாட்டில் வைத்து, பையின் வாரை மெஷினோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். வண்டியில் தொட்டியில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

விமானத்தில் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், லக்கேஜில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பேட்டரியின் மேல் வாட்-மணி அச்சடித்திருக்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் செக்யூரிட்டியில் நிறுத்துவார்கள். மெஷினையும் கையிலேயே எடுத்துப் போங்கள், எக்ஸ்ரேயில் போவதால் ஒன்றும் ஆகாது. டாக்டர் கடிதம் ஒன்று கூடவே இருக்கட்டும். விமானத்துக்குள் போட்டுத் தூங்குவதாக இருந்தால் நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிட்டு, மெஷினை ஃப்ளைட் மோடில் வையுங்கள். வெளிநாடு போனால் அடாப்டர் தானாக வோல்டேஜைச் சரிசெய்துகொள்ளும். அந்த நாட்டு சாக்கெட்டுக்கு ஏற்ற பின் மட்டும் வாங்கினால் போதும்.

மாஸ்க் ஓரத்தில் விசில் அடிக்கிறது, கண்ணில் காற்று படுகிறது

வார்களை இறுக்குவதற்கு முன்னால் முகத்தைக் கழுவுங்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்து அருவியில் குளித்துவிட்டு வந்த ராத்திரியில் மாஸ்க் நிற்காது. அருவித் தண்ணீர் எண்ணெயை முழுக்க எடுப்பதில்லை. மூக்கோரத்திலும் மேல் உதட்டிலும் எண்ணெய்ப் படலம் இருந்தால் சிலிக்கான் வழுக்கும். போகப் போகச் சிலிக்கானே இளகிக் கெட்டும் போகும். சீயக்காயோ சோப்போ போட்டு முகத்தையும் நெற்றியையும் கழுவித் துடையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமுள்ளவர்கள் பயண நாட்களில் காலையில் வையுங்கள், படுக்கும்முன் வேண்டாம். மாஸ்க் குஷனையும் ஒரு சொட்டு வாசனையில்லாத சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கான் கெட்டிப்பட்டு வெடிக்கும்.

கோயில் பயணத்தில் மட்டும் வரும் கோளாறு ஒன்று உண்டு. பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்ட அன்றிரவு, அதுவரை சரியாக இருந்த தலைவார் வழுக்கிக்கொண்டே இருக்கும். முடியின் பருமன் போய்விட்டது. வழவழப்பான தலையில் வார் பிடிக்கவும் செய்யாது. மெல்லிய பருத்தித் தொப்பியோ, தலையைச் சுற்றிக் கட்டிய பருத்தித் துண்டோ போட்டு, அதன் மேல் மாஸ்க்கை மாட்டி வார்களைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்ப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறு: முடி வழியாகக் காற்று கசியும். அந்த மண்டலத்துக்கு மட்டும் மூக்குத் துளையில் உட்காரும் பில்லோ வகை மாஸ்க் உங்களுக்கு ஒத்துவருமா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்பது நல்லது. பம்பையில் இறங்கிய பிறகு அதற்கு வழியில்லை.

பொருத்தும் முறை இது. உட்கார்ந்து மாட்டாதீர்கள். எல்லா வார்களையும் தளர்த்தி, மல்லாந்து படுத்து, மெஷினை ஓடவிட்டு, குஷனை முகத்திலிருந்து சற்றே தூக்கிக் காற்று அதை உப்பவைத்ததும் மெதுவாக விடுங்கள். பிறகு கீழ் வார் இரண்டையும் ஒரே அளவில், அடுத்து மேல் வார் இரண்டையும் இழுங்கள். வாருக்கும் கன்னத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கசிவு நிற்கவில்லை என்று அதற்கு மேல் இறுக்கினால் குஷன் மடிந்து கசிவு கூடத்தான் செய்யும். மூக்குத் தண்டும் புண்ணாகும். கண் பக்கம் காற்று வந்தால் மேல் வார், வாய்ப்பக்கம் வந்தால் கீழ் வார்.

லாட்ஜின் கெட்டித் தலையணை கன்னத்தில் முட்டி மாஸ்க்கைத் தள்ளும். ஒருக்களித்துப் படுக்கும்போது முகம் தலையணை ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுங்கள். மண்டபத்தில் பாயில் படுத்தால் மடித்த போர்வையே தலையணையைவிட மேல்.

குழாயில் தண்ணீர் களகளக்கிறது, முகத்தில் சொட்டுகிறது

தொட்டியில் சூடான ஈரக்காற்று, ஏசி அறையில் சில்லிட்டுக் கிடக்கும் குழாயில் பட்டு நீராகிறது. ஏசியை 18-ல் வைத்துப் படுக்கிறவர்களுக்கும், மார்கழியில் ஏற்காடு, தளி போகிறவர்களுக்கும் கட்டாயம் வரும். ஏசியை 25, 26-க்கு ஏற்றுங்கள். ஈரப்பத அளவை ஒன்றிரண்டு படி குறையுங்கள். மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே, ஸ்டூலில் வையுங்கள். தேங்கும் நீர் முகத்துக்கு வராமல் திரும்பி ஓடும். குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துண்டைச் சுற்றுங்கள்.

வாயும் தொண்டையும் வறண்டு எழுகிறீர்கள்

தொட்டி இல்லாமல் போனதால் மூக்கு வறண்டால், படுக்கும்முன் இரு துளையிலும் உப்புநீர் ஸ்ப்ரே இரண்டு முறை அடியுங்கள். மூன்று நாளுக்குட்பட்ட பயணத்துக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து. பயணத்துக்கென்று விற்கும் சின்ன மெஷின்களில் தண்ணீருக்குப் பதில் மூச்சின் ஈரத்தையே பிடித்துத் திருப்பித் தரும் சிறு வில்லை ஒன்று மாஸ்க் பக்கம் இருக்கும். அதை மறக்காமல் மாட்டுங்கள்.

மூக்கு வறளாமல் வாய் மட்டும் கட்டையாகக் காய்ந்திருந்தால் வாய் திறந்து காற்று வெளியேறுகிறது. அதற்கு ஈரப்பதத்தைக் கூட்டிப் பயனில்லை. தாடை வார் போடுங்கள் அல்லது மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள்.

தொட்டியில் வெள்ளைப் படிவு

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் குணம் எல்லோருக்கும் தெரிந்தது. புளோரைடு பாதிப்புக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. லாட்ஜ் பாத்ரூம் குழாயில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதைத் தொட்டியில் ஊற்றினால் ஓரிரு ராத்திரியிலேயே அடித்தட்டில் சுண்ணாம்புபோல் படியும். தண்ணீர் ஆவியாகித்தான் காற்றில் கலக்கிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. எனவே புளோரைடு மூச்சில் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் படிவு ஏறினால் தட்டுச் சூடு தண்ணீருக்குப் போகாது. வழுவழுப்பு கட்டினால் கிருமியும் குடியேறும்.

மருந்துக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத ஊரில், மூடி திறக்காத குடிநீர் பாட்டிலோ ஆர்ஓ தண்ணீரோ நாலைந்து ராத்திரிக்குப் பரவாயில்லை. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், உப்பை முழுதும் போக்காது. பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் பேட்டரித் தண்ணீரை ஊற்றாதீர்கள். அது மூச்சுக்காகச் சுத்தம் செய்ததல்ல; கேன் எப்படிப்பட்டது, அதில் முன்பு என்ன இருந்தது என்பதும் தெரியாது.

படிந்துவிட்டதை எடுக்க, வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து அரை மணி ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசுங்கள். கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்ட வேண்டாம். டெட்டால், பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. ராத்திரி முழுக்க அந்த ஆவியைத்தான் இழுப்பீர்கள்.

காலையில் எழுந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தண்ணீரோடு தொட்டியை மாட்டியபடி மெஷினைப் பையில் வைத்தால், முதல் வளைவிலேயே தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். அப்படிப் போய்விட்டது என்று தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, தொட்டியையும் ஃபில்டரையும் கழற்றி, மெஷினைச் சாய்த்து வடியவிட்டு நன்றாக உலரவிடுங்கள். அதன் பிறகும் சந்தேகமிருந்தால் சர்வீசில் காட்டாமல் போட வேண்டாம்.

மூக்கு அடைத்துக்கொண்டது

புழுதியாலோ சளியாலோ மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர் ஸ்ப்ரே, ஆவி பிடித்தல், பிறகு மாஸ்க். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் உடனே திறக்கும். ஆனால் தொடர்ந்து நாலைந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவும் கூடாது. முழுமுக மாஸ்க் வைத்திருப்பவர்கள் சளி விடும்வரை அதற்கு மாறிக்கொள்ளலாம்; மெனுவில் மாஸ்க் வகையையும் மாற்றிவிடுங்கள்.

வயிறு உப்பி ஏப்பமாக வருகிறது

காற்று உணவுக்குழாயில் போகிறது. விருந்து சாப்பிட்டதும் படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்தி இடப்பக்கம் ஒருக்களியுங்கள். ஊர் திரும்பியும் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழாயில் கருப்புத் துகள், வாடை, எறும்பு

பயணத்துக்கென்று செகண்ட் ஹேண்டில் மெஷின் வாங்கியவர்கள் கவனிக்க. பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் பழைய சிபாப், பைபாப் (மூச்சை இழுக்க ஒரு அழுத்தம், விட வேறொரு அழுத்தம் தருவது) மெஷின்கள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து துகளாகக் காற்றில் கலக்கும் அபாயம்தான் காரணம். உங்கள் மெஷின் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று சீரியல் எண்ணை வைத்துக் கம்பெனியில் கேளுங்கள். ஓசோன் வைத்துச் சுத்தம் செய்யும் கருவிகள் அந்தப் பஞ்சை இன்னும் வேகமாகச் சிதைக்கும். எந்த மெஷினுக்கும் அவை வேண்டாம்.

எறும்பும் கரப்பானும் ஈரமான குழாயைத் தேடி வரும். பகலில் மாஸ்க்கையும் குழாயையும் துணிப்பையில் போட்டு வாய் கட்டி, ஆணியில் தொங்கவிடுங்கள். படுக்கும்முன் குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டு, மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம் காற்றை ஓடவிடுங்கள்.

மலைமேல் போனதும் தூக்கம் கெட்டது

ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். இப்போதைய மெஷின்கள் ஏறத்தாழ 2,500 மீட்டர் வரை உயரத்துக்கேற்பத் தாங்களே சரிசெய்துகொள்ளும். அங்கெல்லாம் நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. மிகப் பழைய மாடல்களில் மட்டும் உயரத்தைக் கையால் அமைக்க வேண்டும். பத்ரிநாத், கேதார்நாத், லே போன்ற 3,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்கள் வேறு கதை. அங்கே மெஷினின் எல்லை தாண்டுவது மட்டுமல்ல, தொண்டை அடைபடாமலேயே மூளை மூச்சை விட்டுவிட்டு இழுக்கவைக்கும் நிலையும் வரலாம். அது சிபாப் அழுத்தத்தால் தீராது. போகும்முன் தூக்க நிபுணரைப் பார்த்து, மருந்து வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மெஷின் ஓடியும் காலையில் தலைவலி, தூக்கக் கலக்கம்

திரையில் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை மணி நேரம் ஓடியது, கசிவு எவ்வளவு, ஏஹெச்ஐ எவ்வளவு. ஏஹெச்ஐ என்பது மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5-க்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது.

கசிவும் ஏஹெச்ஐயும் சேர்ந்து ஏறியிருந்தால் மாஸ்க் பகுதிக்குத் திரும்புங்கள். ரெஸ்மெட் மெஷின்களில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம். கசிவு சரியாக இருந்து ஏஹெச்ஐ மட்டும் ஏறியிருந்தால் முந்தைய இரவை நினைத்துப் பாருங்கள். மது குடித்தீர்களா, மல்லாந்தே படுத்தீர்களா, தூக்க மாத்திரையோ பஸ் வாந்திக்கு மயக்கம் தரும் மாத்திரையோ போட்டீர்களா? இவை தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். காரணம் எதுவும் தெரியாமல் நாலைந்து ராத்திரி இப்படியே தொடர்ந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஏஹெச்ஐ நன்றாகவே இருக்கிறது, ஓடியதே மூன்று மணி நேரம்தான் என்றால் அது வெறும் தூக்கக் குறைவு. பகலில் ஒரு மணி நேரம் மெஷினோடு படுங்கள். குட்டித் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும்.

கண் சொக்குகிற காலையில் வண்டி ஓட்ட வேண்டாம், அதுவும் தொப்பூர் கணவாய் வழியாக. டீயும் ஜன்னல் காற்றும் அந்தத் தூக்கத்தை நிறுத்தாது. வேறு யாராவது ஓட்டட்டும், அல்லது தூங்கி எழுந்து கிளம்புங்கள்.

மெஷினே இல்லாத ராத்திரி

வீட்டிலேயே மறந்துவிட்டீர்கள், அல்லது கெட்டேபோனது. ஒரு ராத்திரிக்கு: ஒருக்களித்துப் படுங்கள், முதுகுப் பக்கம் சுருட்டிய போர்வையை வைத்தால் மல்லாக்கத் திரும்ப மாட்டீர்கள். தலையை மட்டும் தலையணையில் தூக்காமல் தோளிலிருந்தே சரிவாக உயர்த்துங்கள். கழுத்து மட்டும் மடிந்தால் அடைப்பு கூடும். மது, தூக்க மாத்திரை இரண்டும் கிடையாது. மறுநாள் ஸ்டியரிங் தொடக்கூடாது. இன்னொருவர் மெஷினை அவர் அழுத்தத்திலேயே போட்டுக்கொள்வது உதவாது. உடல்பருமனால் மூச்சு ஆழம் குறைந்தவர்கள், பைபாப்போ ஆக்ஸிஜனோ வைத்திருப்பவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இந்த யோசனையை நம்பி இருக்க வேண்டாம். அன்றே டாக்டரிடம் பேசுங்கள். உதடு நீலம் பூத்தாலோ எழுப்பியும் தெளியாவிட்டாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாற்று மெஷின் கேட்டு மெஷின் வாங்கிய கடைக்குப் போன் செய்யும்போது மாடல் பெயர், சீரியல் எண், டாக்டர் குறித்த அழுத்தம், சிபாபா, அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோவா, பைபாப்பா என்பது, மாஸ்க்கின் பெயரும் அளவும், திரையில் வந்த செய்தி அப்படியே, இத்தனையும் கேட்பார்கள். மெஷினின் அடிப்பக்க ஸ்டிக்கரையும் டாக்டர் சீட்டையும் மாஸ்க் குஷனில் அச்சிட்ட அளவையும் படமெடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். கூட வருபவரின் போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.